நாக்குக்கு ஒரு நீதி, காதுக்கு ஒரு நீதி

2019 ஜனவரி 22. டர்பன் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஒருநாள் போட்டி. பாகிஸ்தான் கேப்டனும் விக்கெட் கீப்பருமான சர்ஃபராஸ் அகமது, பேட் செய்துகொண்டிருந்த ஆண்டிலே பெலுக்வாயோவைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார். ஸ்டம்புக்குள் இருந்த மைக் அதை ஊர் உலகத்துக்கெல்லாம் ஒலிபரப்பியது. வர்ணனை அறையில் இருந்த மைக் ஹேஸ்மனுக்கு உருது தெரியாது. அவர் என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் இருந்த ரமீஸ் ராஜாவைக் கேட்டார். அது நீளமான வாக்கியம், மொழிபெயர்ப்பது கடினம் என்று சொல்லிச் சமாளித்தார் ரமீஸ்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் இந்தப் பதிலைக் கேட்டுப் புன்னகைத்திருப்பார்கள். அந்த வாக்கியத்தில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. 'ஏய் கறுப்பா' என்று ஒரு விளி. உன் அம்மா இன்று எங்கே உட்கார்ந்திருக்கிறாள், உனக்காக என்ன ஓத வைத்துவிட்டு வந்திருக்கிறாய் என்று இரண்டு கேள்விகள். அவ்வளவுதான். நான்காம் வகுப்பு மாணவன் மொழிபெயர்த்துவிடுவான். சிரமம் மொழியில் இல்லை. நேரலையில், நாகரிகமான குரலில், அதைத் திருப்பிச் சொல்வதில்தான் இருந்தது.

சர்ஃபராஸ் மன்னிப்புக் கேட்டார். பெலுக்வாயோவை நேரில் பார்த்துக் கைகுலுக்கினார். தென்னாப்பிரிக்க அணி மன்னித்தது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அவரை நான்கு ஆட்டங்களுக்கு விலக்கி வைத்தது. இதில் கவனிக்க வேண்டியது அவர் முதலில் சொன்ன சமாதானம். தன் சொற்கள் யார் காதிலும் விழ வேண்டும் என்றோ, எதிரணிக்குப் புரிய வேண்டும் என்றோ தான் நினைக்கவில்லை என்றார். அதாவது புரியாத மொழியில் திட்டினால் அது திட்டாகாது. கேட்டவர் மொழிபெயர்த்துக்கொண்டால் அது அவர் பாடு.

கிரிக்கெட் மைதானத்து இனவசைச் சண்டைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அவற்றில் பாதி மொழிபெயர்ப்புச் சண்டைகளாக இருப்பது தெரியும். என்ன சொன்னார் என்பதில் ஒரு தகராறு. சொன்னதற்கு என்ன பொருள் என்பதில் இன்னொரு தகராறு. இரண்டிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது: நாம் திட்டியபோது அகராதியைப் புரட்டுகிறோம். நம்மைத் திட்டியபோது தொனியைக் கேட்கிறோம்.

எதிரணி ஆட்டக்காரரைப் பேசிப் பேசியே நிலைகுலைய வைப்பதற்கு 'ஸ்லெட்ஜிங்' என்று பெயர் வைத்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். 1960களில் ஒரு விருந்தில், பெண் ஒருவர் இருக்கும்போதே கெட்ட வார்த்தை பேசிவிட்ட ஆட்டக்காரரை, 'உன் நயம் சம்மட்டி அடி மாதிரி இருக்கிறது' என்று மற்றவர்கள் கேலி செய்ததில் பிறந்த சொல் இது என்று இயன் சாப்பெல் சொல்லியிருக்கிறார். சம்மட்டிக்கு ஆங்கிலத்தில் ஸ்லெட்ஜ்ஹாமர். பெயரிலேயே அடி இருக்கிறது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குக் குழூஉக்குறி என்ற சொல் நினைவிருக்கும். ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் வேறு பொருளில் வழங்கும் சொல். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பது உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். களத்தில் பேசும் வசைகளும் ஒரு வகைக் குழூஉக்குறியே என்பதுதான் ஸ்லெட்ஜிங்குக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம். வெளியே சொன்னால் கைகலப்பில் முடியும் சொல், பிட்ச்சில் வெறும் ஆட்டத் தந்திரம். மாலையில் சேர்ந்து பீர் குடித்தால் கணக்குத் தீர்ந்தது. வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழூஉக்குறி செல்லுபடியாக இரண்டு பேரும் ஒரே குழுவில் இருக்க வேண்டும். பொற்கொல்லரிடம் வாடிக்கையாளர் அந்தச் சொல்லைக் கேட்டால் திருட்டு என்றுதான் நினைப்பார்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1932-33இல் ஆஸ்திரேலியாவில் நடந்த 'பாடிலைன்' தொடரில், தன்னை ஒருவர் 'பாஸ்டர்ட்' என்று திட்டிவிட்டார் எனப் புகார் சொல்ல, இங்கிலாந்து கேப்டன் ஜார்டின் எதிரணியின் அறைக் கதவைத் தட்டினாராம். திறந்த ஆஸ்திரேலியர் உள்ளே திரும்பி, 'உங்களில் எந்த பாஸ்டர்ட் இந்த பாஸ்டர்டை பாஸ்டர்ட் என்றது?' என்று கேட்டாராம். ஆஸ்திரேலியர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. அவர்கள் ஊரில் அந்தச் சொல் நண்பனையும் குறிக்கும், எதிரியையும் குறிக்கும். 2008 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் பிராட் ஹாக் அதே சொல்லைக் கும்ப்ளேயையும் தோனியையும் நோக்கி வீசினார் என்று இந்தியா புகார் செய்தது. ஒருவனின் பிறப்பையே பழிக்கும் சொல் என்பது நம் அகராதி. அது 'அடேய்' என்பது போல என்பது அவர்கள் அகராதி. பிறகு இந்தியா பெருந்தன்மையாகப் புகாரைத் திரும்பப் பெற்றது.

அதே டெஸ்டில்தான் இன்னொரு புகார் திரும்பப் பெறப்படவில்லை.

ஜனவரி 4, ஆட்டத்தின் மூன்றாம் நாள். டெண்டுல்கரும் ஹர்பஜன் சிங்கும் எட்டாவது விக்கெட்டுக்கு 129 ரன் சேர்த்த கூட்டணி அது. பந்து வீசிக்கொண்டிருந்த பிரெட் லீயை ஹர்பஜன் பேட்டால் லேசாகத் தட்டிவிட்டு ஏதோ சொன்னார். அது நட்பான தட்டல்தான். ஆண்ட்ரூ சைமண்ட்ஸுக்குப் பிடிக்கவில்லை. அவர் வந்து திட்ட, இவர் பதிலுக்குத் திட்டினார். அந்தப் பதிலில் 'மங்கி' என்ற சொல், அதாவது குரங்கு, இருந்தது என்று ஆஸ்திரேலிய அணி நடுவரிடம் புகார் செய்தது.

மேட்ச் ரெஃப்ரி மைக் ப்ராக்டர் ஆஸ்திரேலியச் சாட்சியங்களை நம்பி மூன்று டெஸ்ட் தடை விதித்தார். இந்தியா கொதித்தது. அந்த டெஸ்டில் நடுவர்களின் தவறான முடிவுகள் ஏற்கெனவே பல இருந்தன. இந்தியத் தெருக்களில் நடுவர்களின் கொடும்பாவிகள் எரிந்தன. சுற்றுப்பயணத்தைக் கைவிட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. வெள்ளையரின் சொல்லை நம்பி ஒரு வெள்ளையர் தீர்ப்புச் சொல்லிவிட்டாரா என்று கவாஸ்கர் எழுதினார்.

மேல்முறையீட்டை அடிலெய்டில் விசாரித்தவர் நியூசிலாந்து உயர் நீதிமன்ற நீதிபதி ஜான் ஹான்சன். அங்கேதான் மொழிபெயர்ப்பு மேடையேறியது. ஹர்பஜன் சொன்னது 'மங்கி' அல்ல, 'மா கீ'. வட இந்தியத் தெருக்களில் சர்வசாதாரணமாகப் புழங்கும், அம்மாவை இழுத்துத் திட்டும் வசையின் முதற்பாதி. பக்கத்தில் நின்ற டெண்டுல்கரும் அப்படித்தான் கேட்டதாகச் சொன்னார். சர்ச்சைக்குரிய சொல் எந்த ஒலிப்பதிவிலும் இல்லை. தான் அறியாத மொழியில் ஹர்பஜன் பேசியிருக்கக்கூடும் என்பதைச் சைமண்ட்ஸும் ஒப்புக்கொண்டார். இனவசைக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றார் ஹான்சன். தடை நீங்கியது. குற்றம் ஒரு படி இறங்கிச் சாதாரண வசையானது. ஆட்டச் சம்பளத்தில் 50 சதவீதம் அபராதம். ஹர்பஜனின் முந்தைய குற்றங்களின் முழுப் பட்டியல் தன்னிடம் தரப்படவில்லை, தெரிந்திருந்தால் தண்டனை கூடியிருக்கலாம் என்று நீதிபதி பிறகு சொன்னது தனிக் கதை.

தீர்ப்பில் தவறு சொல்ல முடியாது. ஒருவர் காதில் விழுந்ததாகச் சொல்வதை மட்டும் வைத்து இன்னொருவர் மீது 'இனவெறியர்' என்ற முத்திரையைக் குத்திவிட முடியாது. அந்த முத்திரை வாழ்நாள் முழுக்க அழியாதது. வாக்குவாதத்தைத் தொடங்கியது சைமண்ட்ஸ்தான் என்பதையும் நீதிபதி மறைக்கவில்லை. எதிரணிக்காரரோடு களத்தில் நட்பு பாராட்டக் கூடாது என்ற சைமண்ட்ஸின் எண்ணத்தை எல்லா ஆட்டக்காரர்களும் கொண்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாகவும் சொன்னார்.

நீதிமன்றத்தின் வேலை அத்தோடு முடிந்தது. நம் வேலை அப்போதுதான் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. நாம் கொண்டாடினோம்.

எதைக் கொண்டாடினோம் என்று இன்று யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. நம் ஆள் எதிராளியின் நிறத்தைத் திட்டவில்லை, அவன் அம்மாவைத்தான் திட்டினார் என்பது நமக்கு வெற்றியாக இருந்தது. அந்த வழக்கில் ஒரு தாயை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. டர்பன் வாக்கியத்திலும் ஒரு தாய் இருக்கிறாள். அங்கும் 'கறுப்பா' என்ற விளியைத்தான் எல்லோரும் கவனித்தார்கள். இரண்டு ஆண்கள் சண்டை போடும்போது ஊரில் இருக்கும் அம்மாவை இழுப்பது எல்லா மொழிக்கும் பொதுவான இலக்கணம் போலும். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

கூச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சிட்னிக்கு மூன்று மாதம் முந்தையது. 2007 அக்டோபரில் ஆஸ்திரேலிய அணி இந்தியாவில் ஒருநாள் தொடர் ஆடியது. வடோதராவில் சைமண்ட்ஸைப் பார்த்து ரசிகர்கள் குரங்கு போலக் கூச்சலிட்டார்கள். மும்பை வான்கடே மைதானத்தில் மீண்டும் அதே கூத்து. இந்த முறை பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் படம் பிடித்துவிட்டார்கள். போலீஸ் சிலரைப் பிடித்தது. அந்த மைதானங்களில் ஒலித்தது 'மா கீ' அல்ல. அதற்கு இரண்டாவது பொருள் கிடையாது. ஆகவே சிட்னியில் அந்தச் சொல்லைக் கேட்டதாகச் சைமண்ட்ஸ் சொன்னபோது, அது அவர் திடீரென்று கற்பனை செய்த சொல் அல்ல. நாம் அவர் காதில் ஏற்கெனவே போட்டு வைத்த சொல்.

அனுமனைக் கும்பிடும் நாடு இது, குரங்கு எங்களுக்கு எப்படி வசையாகும் என்று அப்போது பலர் கேட்டார்கள். புத்திசாலித்தனமான கேள்வி போலத் தெரிகிறது. தமிழிலும் குறும்பு செய்யும் பிள்ளையை 'குரங்கே' என்று அம்மா கொஞ்சுவாள். ஆனால் கேட்டவர் யார்? பிர்மிங்ஹாமில் பிறந்தவர். அவரைப் பெற்றவர்களில் ஒருவர் கரிபிய வம்சாவளி. குழந்தையாக இருந்தபோதே தத்தெடுக்கப்பட்டு ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். ஆப்பிரிக்க வம்சத்தினர் மனிதருக்கும் குரங்குக்கும் நடுவே நிற்பவர்கள் என்று ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் அறிவியல் என்ற பெயரிலேயே எழுதி வைத்தார்கள். 1980களில் இங்கிலாந்துக் கால்பந்து மைதானங்களில் கறுப்பின ஆட்டக்காரர்கள் மீது வாழைப்பழம் எறிந்தார்கள். 2013இல் மெல்போர்னில் ஆதிகுடி ஆட்டக்காரர் ஆடம் குட்ஸை ஒரு 13 வயதுச் சிறுமி 'ஏப்' என்றாள். அதுவும் குரங்குதான். அப்படி ஒரு பொருள் இருப்பது தெரியாது என்றாள். குட்ஸ் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதைக் கற்றுக்கொடுத்த சமூகத்தைப் பற்றிப் பேசினார். இந்த வரலாறு ஏறிய காதில் அந்தச் சொல் விழும்போது அதற்கு நம் அனுமன் பொறுப்பாக முடியாது.

தமிழ் இலக்கண ஆசிரியர்கள் சொற்பொருளை வெளிப்படை, குறிப்பு என்று இரண்டாகப் பார்த்தார்கள். வெளிப்படை அகராதியில் இருக்கும். குறிப்பு இடம், காலம், பேசுபவர், கேட்பவர் இவற்றிலிருந்து பிறக்கும். கவிதையைப் பற்றிப் பேசும்போது இதை ரசித்து ஒப்புக்கொள்கிற நாம், வசை என்று வந்ததும் வெளிப்படையில் போய் ஒளிந்துகொள்கிறோம்.

இந்த ஒளிந்துகொள்ளல் மூன்று வகைப்படும். முதலாவது, சொல்லவே இல்லை, காதில் தவறாக விழுந்தது. இதற்குச் சிட்னி மட்டும் உதாரணம் அல்ல. 2015 ஆஷஸ் தொடரின் கார்டிஃப் டெஸ்டில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஒருவர் தன்னை 'ஒசாமா' என்று அழைத்ததாக இங்கிலாந்தின் மொயின் அலி 2018இல் வெளிவந்த சுயசரிதையில் எழுதினார். அந்த ஆட்டக்காரரைக் கேட்டபோது, தான் சொன்னது 'பார்ட் டைமர்' என்றாராம். கிரிக்கெட் ஆஸ்திரேலியா விசாரித்தது. புதிய ஆதாரம் இல்லையென்று கோப்பை மூடியது. அன்று அடிலெய்டில் எதிரொலித்த ஒலியியல் வாதத்தை இங்கே ஆஸ்திரேலியத் தரப்பு பயன்படுத்திக்கொண்டது.

இரண்டாவது வகை, சொன்னேன், ஆனால் எங்கள் மொழியில் அது தவறில்லை. மூன்றாவது, சொன்னேன், ஆனால் பிரியத்தில் சொன்னேன். 2020 ஜூனில் மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் கேப்டன் டேரன் சாமி, ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிக்கு ஆடிய நாட்களில் தன்னை 'காலு' என்று அழைத்ததைப் பற்றிப் பேசினார். பலசாலி என்று பொருள் போல என்று நினைத்து அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். கறுப்பன் என்று பொருள் என்பது பல ஆண்டுகள் கழித்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவரோடு ஆடிய ஒருவர் பிறகு பேசினார், அன்பில்தான் சொன்னோம் என்றார், சாமியும் அதை ஏற்றுக்கொண்டார். பெரிய மனது. ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. அவ்வளவு அன்பான சொல்லின் பொருளை அத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட அவருக்கு ஏன் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை?

ஆஸ்திரேலியர்களை இதில் உத்தமர்களாக்க வேண்டியதில்லை. இனவசைக்காக ஐ.சி.சி. தடை விதித்த முதல் ஆட்டக்காரர் அவர்களுடைய டேரன் லேமன்தான். 2003 ஜனவரியில் பிரிஸ்பேனில் இலங்கைக்கு எதிராக ரன் அவுட் ஆகித் திரும்பியபோது, இலங்கையர் காதில் விழும்படி நிறத்தைச் சேர்த்துத் திட்டினார். ஐந்து ஒருநாள் போட்டிகளுக்குத் தடை. கடுமையாக ஆடுவோம், ஆனால் கோட்டைத் தாண்ட மாட்டோம் என்று ஆஸ்திரேலிய அணி பல ஆண்டுகள் சொல்லிவந்தது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். எதிரணிக்காரரின் மனைவியும் குடும்பமும் கோட்டுக்கு உள்ளே, நிறம் மட்டும் வெளியே என்பது யார் வகுத்த சட்டம் என்று இந்தியர்கள் 2008இல் கேட்டது நியாயமான கேள்வி. கேள்வி கேட்டவர்கள் தங்கள் கோட்டையும் அளந்திருந்தால் இன்னும் நியாயமாக இருந்திருக்கும்.

13 ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரியில், அதே சிட்னி மைதானம். எல்லைக்கோட்டருகே நின்ற முகமது சிராஜையும் பும்ராவையும் கூட்டத்தில் சிலர் திட்டினார்கள். சிராஜ் நடுவரிடம் போய்ச் சொன்னார். ஆட்டம் நின்றது. ஆறு பேர் வெளியேற்றப்பட்டார்கள். இனவசை நடந்தது உண்மை, ஆனால் வெளியேற்றப்பட்டவர்கள் குற்றவாளிகள் அல்ல என்று கிரிக்கெட் ஆஸ்திரேலியாவின் விசாரணை முடிவு செய்தது. சரியான ஆள் யார் என்று தெரியாவிட்டாலும், நடந்தது நடந்ததுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அன்று இந்தியாவில் யாரும் அகராதியைத் தேடவில்லை. சிராஜின் காதை நம்பினோம். நம்பியது சரி. அந்த நம்பிக்கையை வடோதராவில் நின்ற விருந்தாளிக்குக் கொடுக்கத் தவறினோம் என்பதுதான் விஷயம்.

வெளியூர்க்காரர்கள் விஷயம் கிடக்கட்டும். 2017 ஆகஸ்டில் இந்திய அணியோடு இலங்கையில் இருந்தபோது, சென்னை ஆட்டக்காரர் அபினவ் முகுந்த் ஒரு கடிதத்தை வெளியிட்டார். சிறு வயதிலிருந்து தன் நிறத்தைப் பற்றிக் கேட்டுவரும் பேச்சுகளைப் பற்றியது அது. அணியினரைச் சொல்லவில்லை, சுற்றியுள்ள சமூகத்தைச் சொல்கிறேன் என்று விளக்கமும் கொடுத்தார். 2021இல் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன், வாழ்நாள் முழுக்கத் தன் நிறத்துக்காகப் பாகுபாட்டைச் சந்தித்ததாகவும் அதுவும் சொந்த நாட்டிலேயே என்றும் எழுதினார். 17 வயதில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர் அவர். இந்தச் சொற்களை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இல்லை. நம் வீட்டுச் சொற்கள். பெண் பார்க்கப் போகும் இடத்திலும் பள்ளிக்கூட பெஞ்சிலும் அன்றாடம் புழங்குபவை. அதனால்தான் அவை நம் காதில் விழுவதில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பாலபாடம் உண்டு. வசையை மொழிபெயர்க்கும்போது சொல்லுக்குச் சொல் தேடக் கூடாது. கேட்டவருக்கு என்ன நேர்ந்ததோ அது வாசகருக்கும் நேர வேண்டும். 'பாஸ்டர்ட்' என்று ஆஸ்திரேலிய நண்பர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டால் அது 'டேய் மாப்பிள்ளை'. அதையே ஒரு விருந்தாளியின் முகத்துக்கு நேரே சொன்னால் வேறு. சொல் ஒன்று, மொழிபெயர்ப்பு இரண்டு. இந்தப் பாடம் பத்திரிகை அலுவலகத்தில் மட்டும் பயன்படுவதல்ல.

சைமண்ட்ஸ் அந்தச் சிட்னி டெஸ்டுக்குப் பிறகு பழைய சைமண்ட்ஸாக இல்லை. பிப்ரவரியில் ஐ.பி.எல். ஏலத்தில் ஹைதராபாத் அணி 13.5 லட்சம் டாலர் கொடுத்து அவரை வாங்கியது. இந்தியா அவரை ஒதுக்கவில்லை என்று மகிழ்ந்தோம். ஆனால் அந்த விவகாரத்தில்தான் தன் சரிவு தொடங்கியது, குடி கூடியது, தன்னால் சக ஆட்டக்காரர்களும் இதில் இழுக்கப்பட்டார்களே என்ற உறுத்தல் அரித்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். 2009இல் உலகக் கோப்பை டி-20 போட்டிக்குப் போன இடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். அத்தோடு ஆஸ்திரேலிய அணியில் அவர் கதை முடிந்தது.

2011இல் மும்பை இந்தியன்ஸ் அணி அவரையும் ஹர்பஜனையும் ஒரே அறையில் உட்கார வைத்தது. அங்கே ஒருநாள் ஹர்பஜன் கண்ணீர்விட்டு மன்னிப்புக் கேட்டார் என்றார் சைமண்ட்ஸ். அது கட்டுக்கதை என்றார் ஹர்பஜன். அந்த ஒரு சொல்லைப் போலவே அந்த மன்னிப்பும் இரண்டு காதுகளுக்கு நடுவே நின்றுபோனது. 2022 மே மாதம் டவுன்ஸ்வில் அருகே கார் விபத்தில் சைமண்ட்ஸ் இறந்தபோது அவருக்கு வயது 46. ஹர்பஜன் இரங்கல் தெரிவித்தார்.

அன்று சிட்னியில் சொல்லப்பட்டது எந்தச் சொல் என்று இனி யாரும் நிரூபிக்கப் போவதில்லை. வான்கடேயில் என்ன நடந்தது என்பதற்கு மட்டும் புகைப்படம் இருக்கிறது.